சவ்வுக் கத்தி

திண்டுக்கல்,
24-1-58

என் நாத்தனார் பொன்னழகுக்கு மதினி ஜக்கம்மாள் ஆசீர்வாதத்தோடு எழுதுவது.

இவ்விடம் சுகம் என்று முதல் வரி எழுதி, அதை அடித்துவிட்டேன். உனக்குப் பொய் எழுதி என்ன ஆகப்போகிறது? பொங்கலுக்கு மறுநாள் ஒரு காலை மடக்கி அரிவாள்மனை மேல் உட்கார்ந்து பூசணிக்காய் அரிந்துகொண்டிருந்தேன். அடுப்பில் பால் பொங்கிவிட்டது. சட்டென்று திரும்பி எழுந்தேன். இடது முழங்காலுக்குள் ஈரத்துணி கிழிகிற மாதிரி ஒன்று கிழிந்தது. அந்தச் சத்தம் என் காதிலேயே கேட்டது, பொன்னழகு. விழுந்தவள்தான். அன்றைக்கு மடங்கின கால் இன்னும் பாதி மடங்கினபடியே நிற்கிறது. நீட்ட வரவில்லை. அடுப்படிக்கும் கொல்லைக்கும் உட்கார்ந்தபடியே நகர்ந்து போகிறேன். சாமி படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிடக்கூட முடியவில்லை.

தைலம், பற்று, கட்டு எல்லாம் ஆயிற்று. நேற்று நம் ஊர் டாக்டர் சொல்லிவிட்டார்: முட்டிக்குள் இருக்கிற சவ்வு கிழிந்து, கிழிந்த துண்டு மூட்டுக்கு நடுவில் போய் மாட்டிக்கொண்டிருக்கிறதாம். கத்தி வைத்துத்தான் எடுக்கவேண்டுமாம். அதற்கு உண்டான வெள்ளைக்கார டாக்டர் நீ வேலை பார்க்கிற மதுரை ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாராம். விட்டால் கால் இதே வளைவில் காய்ந்துவிடும் என்கிறார்.

கத்தி என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிடுகிறேன். உன் அண்ணன் கேலி செய்கிறார். "தெனம் அருவாமனை மேல ஏறி உக்கார்றவ நீ. அம்புட்டுப் பெரிய கத்திக்குப் பயப்படல, டாக்டர் கையில இருக்குற துணுக்குக் கத்திக்கா நடுங்குற?" என்றார். சொல்லிவிட்டு அவரும் சாப்பிடாமலே வாழைப்பழ மண்டிக்குப் போய்விட்டார்.

நீதான் ஆபரேஷன் அறையில் கருவிகளை எடுத்துக் கொடுக்கிறவள். எதை எதை வைத்து என்ன என்ன செய்வார்கள் என்று ஒன்றுவிடாமல் எழுது. பயப்படுவேன் என்று எதையும் மறைக்காதே. தெரியாத பொருள்தான் எனக்கு ராத்திரியெல்லாம் கண்முன்னால் பெரிதாகப் பெரிதாக வந்து நிற்கிறது.

உன் மதினி,
ஜக்கம்மாள்


மதுரை,
29-1-58

என் அருமை மதினிக்கு, பொன்னழகு வணக்கம்.

பால் பொங்கினால் பொங்கட்டும் என்று விட்டிருக்கக் கூடாதா? ஒரு ஆழாக்குப் பால் அடுப்பில் போனால் வீட்டை விட்டு லட்சுமி எழுந்து போய்விடுவாள் உங்களுக்கு. படித்துவிட்டு அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு, கருவிகள் இருக்கிற கண்ணாடி அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நீங்கள் கேட்டபடி ஒன்றும் ஒளிக்கவில்லை.

முதலில் ரப்பர் பட்டை. அதைப் பாதத்திலிருந்து தொடைவரை இறுக்கிச் சுற்றுவோம். கால் இரத்தமெல்லாம் மேலே போய்விடும். அறுக்கும்போது குளமாகாது. பிறகு தோலுக்கு ஒரு சின்னக் கத்தி. முழங்கால் சில்லுக்குப் பக்கத்தில் உங்கள் ஆள்காட்டி விரல் நீளம்கூட வராத ஒரு கீறல். அப்புறம் இரண்டு அகற்றிகள். எண்ணெய்க் கரண்டியின் முனையை மடக்கிவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி. காயத்தின் இரண்டு ஓரத்தையும் அவை விலக்கிப் பிடிக்கும். அடுத்தது பல்லுள்ள இடுக்கி. கிழிந்த சவ்வைக் கவ்வினால் விடாது. கைப்பிடியில் பூட்டு விழும்.

இனி அந்தக் கத்தி. அதை எழுதலாமா என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசித்தேன். எழுதிவிடுகிறேன். பேனா நீளம். நுனியில் கூரே கிடையாது, மதினி. கொம்பு முளைக்கிற கன்றுக்குட்டியைப் பார்த்திருப்பீர்களே, அதுபோல நுனியில் இரண்டு மொட்டைக் கொம்பு. அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தில் மட்டும்தான் வெட்டு இருக்கிறது. நல்ல சதையில் பட்டால் கொம்பு ஒதுக்கித் தள்ளிவிடும். பள்ளத்துக்குள் வருகிற சவ்வு மட்டும் அறுபடும். மூட்டின் சந்து வளைந்து போகிறது அல்லவா, அதனால் இடப்பக்கம் வளைந்தது ஒன்று, வலப்பக்கம் வளைந்தது ஒன்று. சோடியாகத்தான் கொதிநீரில் போடுவோம். கடைசியில் வளைந்த ஊசி, கோணி ஊசிக்குத் தங்கச்சி முறை. அவ்வளவுதான்.

ஒரு விஷயம் அவசரம். இந்தக் கத்திகள் ஆஸ்பத்திரிச் சொத்து இல்லை. டாக்டர் தம் நாட்டிலிருந்து கொண்டுவந்தவை. அவர் மார்ச்சு மாதக் கடைசியில் ஒரேயடியாகக் கப்பல் ஏறுகிறார். கத்திகளும் அவரோடு போகின்றன. அதற்குள் வந்துவிடுங்கள். சம்மதக் காகிதத்தில் அண்ணன் கையெழுத்துப் போடவேண்டும். கையோடு கூட்டிக்கொண்டு வாருங்கள்.

உங்கள்,
பொன்னழகு


திண்டுக்கல்,
6-2-58

பொன்னழகுக்கு,

உன் கடுதாசியை எத்தனையோ தடவை படித்துவிட்டேன். கன்றுக்குட்டிக் கொம்பு என்று எழுதினாயே, அதைப் படித்துச் சிரித்தேன். அன்று ராத்திரி கனவில் அந்தக் கன்றுக்குட்டியே வந்து என் முட்டியை முட்டிற்று. அலறி எழுந்தேன்.

கேட்கிறேன் என்று கோபிக்காதே. அந்தச் சவ்வை அறுத்து எறியத்தான் வேண்டுமா? கிழிந்தது என்றால் தைக்க வேண்டியதுதானே? நான் கல்யாணச் சேலையிலிருந்து சாக்குவரை எதையும் கிழிந்தது என்று தூக்கி எறிந்தவள் இல்லை. ஆண்டவன் ஒரு பொருளை உள்ளே வைத்திருக்கிறான் என்றால் காரணம் இல்லாமலா வைப்பான்? அப்புறம் உள்ளே தைக்கிற நூல் ஆட்டுக் குடலில் செய்தது என்று பக்கத்துவீட்டு அய்யம்மாள் சொல்கிறாள். அவள் தம்பிக்கு வயிற்றில் அப்படித்தான் தைத்தார்களாம். கார்த்திகை விரதமும் சஷ்டி விரதமும் தவறாத என் உடம்புக்குள் ஆட்டுக் குடலா? மயக்கம் கொடுத்தால் வாயில் வந்ததையெல்லாம் உளறுவார்களாமே? கண்ணைத் திறக்காமலே போய்விட்டால்? இதைத்தான் முதலில் கேட்க நினைத்தேன். கடைசியில் எழுதுகிறேன்.

உன் அண்ணன் போக்கு எனக்குப் புரியவில்லை. முதலில் தைப்பூசம் கழியட்டும் என்றார். பிறகு சிறுமலையிலிருந்து பழம் இறங்குகிற நேரம் என்றார். சிறுமலைப் பழம் என்றைக்குத்தான் இறங்காமல் இருந்தது? கையெழுத்து என்று நான் ஆரம்பித்தால் செருப்பை மாட்டிக்கொள்கிறார். நேற்று கொஞ்சம் அழுத்திக் கேட்டேன். "அந்த ஆஸ்பத்திரிப் பேச்ச இந்த வீட்டுல எடுக்காத" என்று கத்திவிட்டார். இத்தனை வருஷத்தில் என்னிடம் அவர் அப்படிக் கத்தினதில்லை. செத்த நேரம் கழித்துத் தாமே வந்து என் காலுக்குத் தைலம் தேய்த்தார். என் முகத்தைப் பார்க்காமலே தேய்த்தார். கோபத்தில்தான் என்று நினைத்தேன்.

ஜக்கம்மாள்


மதுரை,
12-2-58

அன்பு மதினிக்கு,

தைக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்டதை டாக்டரிடம் அப்படியே சொன்னேன். சிரிக்கவில்லை அவர். "நல்ல கேள்வி" என்றார். அந்தச் சவ்வின் உள்விளிம்பில் இரத்தமே ஓடாதாம். தைத்தாலும் ஒட்டாதாம். ஒட்டுகிற ஓரத்தில் கிழிந்திருந்தாலும் அந்தச் சந்துக்குள் நுழைந்து திரும்புகிற ஊசி தம்மிடம் இல்லை, எவனாவது செய்தால் முதலில் வாங்குகிறவன் நான்தான் என்றார். இப்போதைக்குக் கையில் இருப்பது எடுக்கிற கருவிதான். தைக்கிற கருவி அல்ல. கதவு இடுக்கில் சேலை முந்தி மாட்டினால் கதவு சாத்தவும் வராது, திறக்கவும் வராது அல்லவா, உங்கள் கால் அப்படித்தான் நிற்கிறது. முந்தியை எடுத்தால் கதவு ஆடும்.

குடல் நூல் நிஜம்தான். உள்ளே கொஞ்சம். அது தானாகக் கரைந்துவிடும். தோலுக்குப் பட்டு நூல். உங்கள் விரதத்துக்கு எந்தப் பங்கமும் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் நான் உங்கள் அளவுக்குச் சாமி கும்பிடுகிறவள் இல்லை. உளறுவது பற்றிப் பயமே வேண்டாம். போன மாதம் ஒரு ஜவுளிக்கடைக்காரர் மேசையில் படுத்தபடி டாக்டருக்கே சேலை விலை சொன்னார். கடைசிவரை குறைக்கவில்லை. கண் திறக்காமல் போவதைப் பற்றிக் கேட்டீர்கள். யாருக்கும் போகாது என்று நான் எழுதினால் பொய். இந்த ஆபரேஷனில் நான் நின்றவரை யாரும் போகவில்லை. அதுதான் எனக்குத் தெரிந்த உண்மை.

மார்ச்சு 20-ந் தேதி வியாழக்கிழமை உங்கள் பேரை எழுதி வைத்துவிட்டேன்.

அண்ணனுக்கு நான் நர்ஸ் வேலை பார்ப்பது ஆரம்பத்திலிருந்தே வெட்கம். ஒரு தடவைகூட இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து என்னைப் பார்த்ததில்லை. மதுரைக்குச் சரக்கு விஷயமாக வந்தாலும் இந்தத் தெருப் பக்கம் திரும்புவதில்லை. அந்த வெட்கத்துக்கு உங்கள் காலைப் பலி கொடுக்க வேண்டாம் என்று அவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

பொன்னழகு


திண்டுக்கல்,
3-3-58

பொன்னழகுக்கு,

நான் வரவில்லை. பேரை அடித்துவிடு.

அம்மனிடம் பூக்கட்டிக் கேட்போம், அவள் சொன்னால் கையெழுத்துப் போடுகிறேன் என்றார் உன் அண்ணன். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. வெள்ளிக்கிழமை நம் தெருக் காளியம்மன் கோயிலுக்கு வண்டி வைத்துப் போனோம். வெள்ளை நந்தியாவட்டை ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் அறுத்துக்கொள்வது, சிவப்பு வந்தால் காலைத் தொடக்கூடாது. உன் அண்ணனே வீட்டில் வாழைச் சருகில் மடித்து நூல் சுற்றிக் கொண்டுவந்தார். பூசாரி சோலைமுத்து அம்மன் காலடியில் போட்டுக் கும்பிட்டுவிட்டு, விளக்குக்கு எண்ணெய் விட வந்த ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார். சிவப்பு.

சிவப்பைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் நெஞ்சு குளிர்ந்தது. கத்தியிலிருந்து தப்பினேன் என்று. பூசாரி திருநீறு கொடுக்கிறதுக்குள் அந்தக் குளிர்ச்சி போய்விட்டது. சாகிறவரை தரையில் நகர்ந்துதான் போகவேண்டும் என்று அம்மனே சொல்லிவிட்டாள் என்றால் இனி யாரிடம் போய் முறையிடுவது? வண்டியில் ஏறும்போது அழுதேன். உன் அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை.

உன் பிரயாசைக்கெல்லாம் நான் கடன்பட்டவள். டாக்டரிடம் என் நமஸ்காரம் சொல்.

ஜக்கம்மாள்


திண்டுக்கல்,
5-3-58

பொன்னழகு,

முன் கடுதாசி உன் கைக்கு வந்திருக்கும். இதை ஒருவருக்கும் தெரியாமல் எழுதுகிறேன். அய்யம்மாள் தபாலில் போடுவாள்.

எடுக்காத பொட்டலத்தைக் கோயில் அரளி மரத்தடியில் போட்டுவிட்டு வரவேண்டும். அதுதான் வழக்கம். எனக்குக் குனிய முடியாமல் முந்தியில் முடிந்துகொண்டு வந்துவிட்டேன். இன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது. நந்தியாவட்டைதானே, வாடியிருந்தாலும் சாமி படத்துக்கு வைக்கலாம், வீணாக்குவானேன் என்று பிரித்தேன்.

அதிலும் செவ்வரளி.

நாங்கள் அம்மனிடம் கேள்வியே கேட்கவில்லை, பொன்னழகு. பதிலை மட்டும் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போயிருக்கிறோம். அவள் எதிரில்! ஒரு தெய்வக்குற்றத்துக்கு நானும் உடந்தையாக நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இதை ஏன் செய்தார்? நினைக்கக் கூடாததெல்லாம் நினைக்கிறேன். கால் போனவள் போகட்டும், இன்னொருத்தி வரட்டும் என்று மனசில் ஏதாவது இருக்கிறதா? கத்தியைவிட இந்த எண்ணத்துக்குத்தான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. அவர் மண்டியிலிருந்து வருகிற செருப்புச் சத்தம் கேட்டால் அடுப்படிக்கு நகர்ந்துவிடுகிறேன். சாப்பாடு போடுகிறேன். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் என்ன வேண்டும் என்று கேட்கிறேன். இந்த ஒன்றை மட்டும் கேட்க வாய் வரவில்லை. அவர் உன்கூடப் பிறந்தவர். உனக்குத் தெரிந்ததைச் சொல்.

ஜக்கம்மாள்


மதுரை,
8-3-58

மதினி,

இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு என்று படித்ததும் நான்தான் முட்டாள் என்று தெரிந்துகொண்டேன். வெட்கம் என்று நினைத்தேனே! இத்தனை வருஷமாக அப்படியே நினைத்திருந்தேனே!

எங்கள் அம்மா காய்ச்சலில் போனார்கள் என்றுதான் உங்களுக்குச் சொல்லியிருப்பார். அது காய்ச்சல் இல்லை. வயிற்றில் கட்டி. அப்பா முன்னாலேயே இறந்துவிட்டார். அண்ணனுக்கு அப்போது மீசைகூட முளைக்கவில்லை. எங்கள் ஊர் ஆத்தூரிலிருந்து மாட்டுவண்டியில் அம்மாவைப் படுக்கவைத்து ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். காகிதத்தை நீட்டினார்கள். அண்ணன் கைநாட்டு வைத்தார். அம்மாவை உள்ளே கொண்டுபோனதும் இவரை வாசலுக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள். பகலெல்லாம் நின்றிருக்கிறார். ஒருவரும் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் காலையில் கூட்டுகிற ஆள் ஒருவன் அம்மாவின் சேலையைச் சுருட்டிக்கொண்டு வந்து கையில் கொடுத்தானாம். நான் சின்னப் பிள்ளை, வீட்டில் சித்தியோடு இருந்தேன். சித்திதான் பின்னால் சொன்னாள். அண்ணன் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. நான் நர்ஸ் படிப்புக்குப் போகிறேன் என்றபோதுகூட, "போ" என்று ஒரே சொல்தான். அதற்கப்புறம் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

உங்களை ஒழித்துவிட அவர் சிவப்பைக் கட்டவில்லை, மதினி. உங்களை அந்த வாசலுக்குள் அனுப்பப் பயந்து கட்டியிருக்கிறார்.

டாக்டரிடம் கேட்டேன். முழங்கால் யாருடையதோ அவரே கையெழுத்துப் போடலாம் என்றார். "போடத் தெரியுமா?" என்று கேட்டார். எண்ணெய்க் கடைக் காகிதத்தையும் காலண்டர் தாளையும் பார்த்துத் தாமே எழுதப் படித்தவர், என்னைவிட நன்றாக எழுதுவார் என்று சொன்னேன். உங்கள் பேரை நான் அடிக்கவில்லை. 20-ந் தேதி அப்படியே இருக்கிறது.

உங்களுக்கு மட்டும்தான் பயம் என்று நினைக்காதீர்கள். அன்றைக்குக் கருவிகளை எடுத்துக் கொடுக்கப்போவது நான். இடது கத்தி கேட்டால் வலது கத்தியைக் கொடுத்துவிடுவேனோ என்று தூக்கத்தில் விழிக்கிறேன். வேறு நர்ஸைப் போடச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். வேண்டாம். நானே நிற்கிறேன்.

பொன்னழகு


திண்டுக்கல்,
14-3-58

அன்புள்ள பொன்னழகு,

உன் கடுதாசியைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். அவர் கண்ணில் படக்கூடாது என்றுதான். ஒவ்வொரு எழுத்தும் மனசில் இருக்கிறது.

அவரிடம் நான் எதையும் கேட்கவில்லை. அம்மாவைப் பற்றிப் பேசவில்லை. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. காலையில் அய்யம்மாளிடம் சொல்லி நந்தியாவட்டை பறித்து வரச் சொன்னேன். அவர் மண்டிக்குக் கிளம்புகிற நேரம். அவர் பார்க்கும்படியாகவே நடுவீட்டில் உட்கார்ந்து, ஒரு சருகில் வெள்ளைப் பூவை வைத்து மடித்து நூல் சுற்றினேன். இன்னொரு சருகை எடுத்தேன். அதிலும் வெள்ளைப் பூவை வைத்தேன். அவர் செருப்பை மாட்டினவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன செய்யுற?"

"அம்மனுக்குப் பூக்கட்டுறேன். போன தடவ கட்டுனது சரியா விழலைன்னு தோணுச்சு."

ஓரக்கண்ணால் பார்த்தேன், அவர் முகம் வெளுத்துவிட்டது. நான் தலை தூக்கவில்லை. இரண்டு பொட்டலத்தையும் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, "தாயே, போன தடவ உன்னைக் கேட்கல, இந்தத் தடவயும் கேட்கல. எங்க ரெண்டு பேரையும் மன்னிச்சுக்கோ. நான் போறேன்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்" என்று வாய்விட்டே சொன்னேன். "எடுங்க" என்றேன் அவரிடம்.

செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். ஒன்றை எடுத்துப் பிரித்தார். பூ என்னவென்று தெரிந்த பொட்டலத்தைப் பிரிக்க அவ்வளவு நேரமா ஆகும்!

"வெள்ளை" என்றார். அப்புறம், "காகிதத்துல மட்டும் என்னைக் கை வைக்கச் சொல்லாத, ஜக்கு. என் கை ராசியில்லாத கை" என்று சொல்லிச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். "கையெழுத்து நான் போட்டுக்கிறேன். இம்புட்டு நாளா எழுதிப் பழகுனது எதுக்கு?" என்றேன். எனக்குச் சொன்ன தைரியமா அவருக்குச் சொன்ன தைரியமா, தெரியவில்லை.

புதன்கிழமை மத்தியான ரயிலில் வாரோம். கூட வருவார். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான், உள்ளே கால் வைக்கமாட்டேன் என்கிறார். சரி என்றேன்.

பயம் கொஞ்சமும் குறையவில்லை எனக்கு. இதை எழுதும்போதே கைவேர்வையில் மை கலைகிறது பார். மேசையில் படுத்து, மூக்கில் துணி வைக்கும்போது முருகனைக் கூப்பிடுவேன், அதைக் கேலி செய்யாதே. உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். தையல் முடிந்ததும் என் பக்கத்தில் உட்காராதே. நான் கண் திறக்கக் காத்திராதே. கை கழுவக்கூட நிற்காதே. நேரே வாசலுக்கு ஓடு. அவரிடம் ஒரு வார்த்தை சொல். அதற்கப்புறம் எனக்கு என்ன செய்யவேண்டுமோ செய்.

உன் மதினி,
ஜக்கம்மாள்


மதுரை,
20-3-58, சாயங்காலம்

மதினி,

இது தபாலில் போகிற கடுதாசி இல்லை. உங்கள் தலையணைக்கடியில் வைக்கிறேன். ஒரு தடவை கண் திறந்து "பால்" என்றீர்கள், மறுபடி தூங்கிவிட்டீர்கள். என்னை அடுத்த கேஸுக்குக் கூப்பிடுகிறார்கள். அதனால் எழுதி வைக்கிறேன்.

துண்டு வந்துவிட்டது. டாக்டர் இடது கத்தியைக் கேட்டார், இடது கத்தியையே கொடுத்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் சின்னக் கண்ணாடிப் புட்டியில் அது இருக்கிறது. பூசணி விதையை நீளமாக இழுத்தது போல. இவ்வளவு பயமுறுத்தினது இவ்வளவுதானா என்று உங்களுக்குக் கோபம் வரும். டாக்டர் உங்கள் காலை நீட்டிப் பார்த்தார். நேராக வந்தது, மதினி. நான் அழுதுகொண்டே இடுக்கியை எண்ணினேன். காலில் பெரிய கட்டு இருக்கும், அவிழ்க்காதீர்கள், மடக்கிப் பார்க்காதீர்கள். வலி இருக்கும். சொல்லுங்கள், ஊசி போடுவார்கள்.

நீங்கள் சொன்னபடி கை கழுவாமல் ஓடினேன். அங்கிதான் கெடுத்தது. ரப்பர் பட்டையை அவிழ்த்தபோது தெறித்த இரத்தம் முன்பக்கமெல்லாம் இருந்தது, நான் யோசிக்கவே இல்லை. அண்ணன் வாசல் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். அங்கியைப் பார்த்தார். "நல்லா இருக்காங்க அண்ணே, நல்லா இருக்காங்க" என்று நான் கத்துகிறதுக்குள் வேரறுந்த மரம் மாதிரி சாய்ந்துவிட்டார். நெற்றி கல்லில் பட்டது. நானும் காவல்காரர் ராயப்பராஜும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி உள்ளே கொண்டுவந்துவிட்டோம். எந்த வாசலைத் தாண்டினார் என்று அவருக்கே தெரியாது. இரண்டு தையல். எந்தக் கருவி என்று கேட்காதீர்கள், கோணி ஊசியின் தங்கச்சிதான்.

கண் தெளிந்ததும், "இருக்காளா?" என்றார். "இருக்காங்க" என்றேன். "நீயா உள்ள நின்ன?" என்றார். "நான்தான் நின்னேன்" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. இரத்தக் கையை.

மேட்ரனிடம் கெஞ்சி அனுமதி வாங்கியிருக்கிறேன். விழித்ததும் இடப்பக்கம் திரும்பிப் பாருங்கள். முக்காலியில் நெற்றிக் கட்டோடு உட்கார்ந்திருக்கிறார். திட்டுவதாக இருந்தால் மெதுவாகத் திட்டுங்கள். வார்டில் மற்றவர்கள் தூங்குகிறார்கள்.

உங்கள்,
பொன்னழகு